நிரூபண நோயாளி

ஜூன் 3, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். இன்று ஒரு பெண்மணியின் உச்சந்தலையில் ஊசி குத்தி, எடுக்க மறந்து, அப்படியே வளைகாப்புக்கு அனுப்பிவிட்டேன்.

குத்தியது பன்னிரண்டு. எடுத்தது பதினொன்று. பன்னிரண்டாவது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ராஜாமணி டீச்சரின் கொண்டைக்கு முன்னால் டிரான்சிஸ்டர் ஏரியல் மாதிரி நின்றபடியே பஜாரைக் கடந்திருக்கிறது. மண்டபத்துக்குள் போய், பெண்ணுக்கு வளையல் போட்டு, புளியோதரை சாப்பிட்டு, நாலு போட்டோவில் பதிவாகியிருக்கிறது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். புது மாதிரி ஹேர்பின் என்று நினைத்தார்களாம். ஒருத்தி எங்கே வாங்கியது என்றுகூடக் கேட்டாளாம்.

கடைசியில் கண்டுபிடித்தவள் ஜெஸிந்தா. அவளும் அந்த விசேஷத்துக்கு வந்திருக்கிறாள். என் நேரம். பஞ்சு வைத்து அழுத்தி, ஊசியை உருவி, சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டி, மேலே ‘எண்ணி எடுக்கவும்’ என்று எழுதி டீச்சர் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறாள். கையெழுத்து வேறு முத்து முத்தாக இருக்கிறது.

இந்த ஜெஸிந்தா போன தை மாதம் என் கிளினிக்குக்கு நேர் எதிரே, செல்போன் கடை மாடியில் போர்டு மாட்டியவள். முப்பத்து மூன்று வயது. சென்னையில் ஐந்தரை வருடம் இயற்கை மருத்துவம் படித்துப் பட்டம் வாங்கியவள். நான் மதுரையில் ஆறு ஞாயிற்றுக்கிழமை படித்து டிப்ளமோ வாங்கியவன். அதில் ஒரு ஞாயிறு பந்த். அதற்கு முன்னால் இதே சங்கரன்கோவிலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தேன். டைப்பிங்கிலிருந்து அக்குபங்சருக்கு வந்தது ஒன்றும் பெரிய தூரம் இல்லை. இரண்டிலும் விரல்தான் பேச வேண்டும். இதில் பிழை வந்தால் ரப்பர் போட்டு அழிக்க முடியாது, அவ்வளவுதான்.

அவள் நோயாளியின் கண்ணெதிரே புது ஊசி பாக்கெட்டைப் பிரிக்கிறாள். முடிந்ததும் சிவப்பு டப்பாவில் போட்டு மூடிவிடுகிறாள். நான் ஆளுக்கொரு தைல டப்பாவில் பெயர் எழுதி, அவரவர் ஊசியை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வைத்திருக்கிறேன். ராஜாமணி டீச்சர் ஊசி ராஜாமணி டீச்சருக்கு. கோயில் தேங்காய்க்கடைக்காரர் ஊசி அவருக்கு. பதினோரு வருடமாக யாரும் கேட்காத கேள்வியை இப்போது கேட்கிறார்கள். “புது ஊசியா சார்?”

எனக்கு மிச்சமிருக்கிற ஒரே சொத்து சுவரில் தொங்குகிறது. பால்வண்ணம் அண்ணாச்சியின் போட்டோ. ரிட்டையர்டு பஸ் கண்டக்டர், அறுபத்தாறு வயது. எட்டு வருடத்துக்கு முன்னால் சர்க்கரை முன்னூற்று எண்பதோடு வந்தார். ‘மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்’ என்றேன். வாரம் இரண்டு நாள் ஊசி. இன்றுவரை நூற்று முப்பதைத் தாண்டியதில்லை. போட்டோவுக்குக் கீழே ‘எட்டு ஆண்டுகள், ஒரு மாத்திரை இல்லை’ என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள்.

ஜூன் 4, செவ்வாய்

ஊசி எண்ணிக்கை எழுத ஒரு சிலேட்டு வாங்கினேன். எழுத மறந்துவிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

திருநெல்வேலியில் எங்கள் சங்கக் கூட்டம். ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தி ஹாலில் நடந்தது. முந்தின நாள் சாம்பார் வாசம் இன்னும் போகவில்லை.

எங்கள் தொழிலில் இரண்டு கோஷ்டி. ஒன்று நாங்கள், ஊசி. இன்னொன்று, ஊசியே கூடாது, விரலால் ஒரே ஒரு புள்ளியைத் தொட்டால் போதும் என்கிற தொடு கோஷ்டி. அவர்களைக் ‘காலிங் பெல் அடிக்கிறவங்க’ என்று நாங்கள் சொல்வோம். எங்களை அவர்கள் ‘பஞ்சர் கடை’ என்பார்கள். மரியாதை பரஸ்பரம்.

தலைவர் மாசிலாமணி தொடு கோஷ்டி. வெள்ளை ஜிப்பா, வெள்ளைத் தாடி. பேசும்போது ஆள்காட்டி விரலை மட்டும் ஒரு கைக்குட்டையால் சுற்றி வைத்திருப்பார், சக்தி வீணாகாமல் இருக்க. அவர் எழுந்து சொன்னார்:

“ஊருக்கு ஊரு போர்டு மாட்டுதாங்க. யாரு தரமான ஹீலரு, யாரு தரமில்லாதவன்னு சனங்களுக்குத் தெரிய மாட்டேங்கு. இனிமே சங்கம் தரச்சான்று குடுக்கும். ஊருக்கு ஒருத்தருக்குத்தான் முதல் தரம். ஒவ்வொருத்தரும் ஒரு நிரூபண நோயாளியக் காட்டணும். இருவத்தோரு நாளு, மருந்து மாத்திரை வாடையே இல்லாம, நம்ம சிகிச்சை மட்டும். தெனமும் ரீடிங் எனக்கு வாட்சப்புல வரணும்.”

பின் வரிசையிலிருந்து ஜெஸிந்தா எழுந்தாள். “ஐயா, சர்க்கரை, பிரஷர்காரங்க மாத்திரைய நிறுத்துறது தரம் இல்லைங்க. அவங்க டாக்டர் சொல்லாம நாம நிறுத்தவே கூடாது. ஊசிய எத்தனை தடவை பயன்படுத்துறோம், கைய கழுவுறோமா, அத மொதல்ல பாருங்க.”

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாக. தலையில் ஏரியல் வைத்து அனுப்பியவன் சிரிக்காமல் இருந்தால் சந்தேகம் வரும் அல்லவா.

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஊருக்கு ஒருவர்தான். அவளிடம் மாத்திரை நிறுத்திய ஆளே கிடையாது. என்னிடம் பால்வண்ணம் அண்ணாச்சி இருக்கிறார்.

ஜூன் 10, திங்கள்

அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். இருபத்தொரு நாள் என் கிளினிக் பின்னறையிலேயே தங்க வேண்டும், சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து வரும் என்றேன்.

“இருவத்தோரு நாளா? ஜெயில்லகூட பரோல் குடுப்பான்வே” என்றார். “எதுக்கு தங்கணும்? எப்பயும் போல வந்துட்டுப் போறேன்.”

“வெளிய போனா அந்தக் காலிங் பெல் கோஷ்டி சும்மா இருக்குமா அண்ணாச்சி? வீட்டுல ஒளிச்சு மாத்திரை முழுங்குனாருன்னு சொல்லிருவானுவ.”

அண்ணாச்சி தலையைத் திருப்பினார். சுவரில் இருந்த தன் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அது எட்டு வருடத்துக்கு முந்திய முகம். மீசை கறுப்பு.

“உமக்கு இது ரொம்ப முக்கியமோ, ஆவுடை?”

“கடைய மூடிட்டுப் போறதா, இருக்கிறதாங்கிற அளவுக்கு.”

“அப்ப சரி” என்றார். அந்த ‘சரி’யில் ஏதோ குறைந்தது. டிக்கெட்டுக்குச் சில்லறை இல்லாதவனை ஏற்றிக்கொள்ளும்போது கண்டக்டர்கள் சொல்கிற சரி.

ஜூன் 12, புதன். முதல் நாள்.

பின்னறையில் கட்டில், விசிறி, மண்பானை. அண்ணாச்சி ஒரு மஞ்சள் பையோடு வந்தார். சங்கத்தின் நிபந்தனைப் படிவத்தில் ‘நோயாளியின் உடைமைகள் பரிசோதிக்கப்பட்டன’ என்று ஒரு வரி இருந்ததால் பையைப் பார்த்தேன். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, பழைய விசில். “அது எதுக்கு அண்ணாச்சி?” என்றேன். “பழக்கம்” என்றார்.

ரீடிங் எடுக்க ஒரு மீட்டர் வேண்டுமே. வீட்டில் ஒன்று கிடந்தது. எடுத்து வந்தேன்.

128. படம் பிடித்து மாசிலாமணிக்கு அனுப்பினேன். கைகூப்பும் பொம்மை ஒன்று பதிலுக்கு வந்தது.

ஜூன் 14, வெள்ளி. மூன்றாம் நாள்.

அண்ணாச்சிக்கு ஏதோ ஒரு சாக்கில் வீட்டுக்குப் போக வேண்டும். நேற்று, கிளிக்குப் பழம் வைக்க வேண்டும் என்றார். நான் போய் வைத்துவிட்டு வந்தேன். கிளி கடித்தது. இன்று, பென்ஷன் ஆபீசில் ஒரு கையெழுத்து. படிவத்தையே வாங்கி வந்து பின்னறையில் கையெழுத்து வாங்கிவிட்டேன். மாலையில், கொண்டுவந்த துண்டு உடம்பை உறுத்துகிறது, வீட்டில் பீரோவில் நல்ல துண்டு இருக்கிறது, தானே போய் எடுத்தால்தான் தெரியும் என்றார். புதுத்துண்டே வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

“உம்மகிட்ட தப்பிக்க முடியாதுவே” என்று சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

156.

ஜூன் 17, திங்கள். ஆறாம் நாள்.

வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கேரியரோடு வந்த கோமதி பானையைத் திறந்து பார்த்தாள்.

“ஏங்க, காலைல ரொப்புன பான. அண்ணாச்சி காலி பண்ணிட்டாவ. மத்தியானத்துக்குள்ள ஆறு தடவ பாத்ரூம் போயிட்டாவ.”

“கழிவு வெளியேறுது. உடம்பு சுத்தமாகுறப்ப அப்படித்தான் இருக்கும்.”

“இது என்னன்னு உங்களுக்குத் தெரியாமயா இருக்கு?” என்றாள்.

அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருடம் கட்டிக்கொண்டவளின் பார்வைக்குப் பொழிப்புரை எழுத இந்த டைரியில் இடம் போதாது.

எங்கள் தொழிலில் இது ஒரு பெரிய வசதி. நோயாளி தேறினால் சிகிச்சை. மோசமானால் கழிவு. தோற்கிற மாதிரி ஆட்டத்தையே நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

214.

ஜூன் 19, புதன். எட்டாம் நாள்.

புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தது என் தப்பு. வார் கடித்து வலது கால் சுண்டுவிரலில் சின்னக் கொப்புளம். மிளகு அளவு. அண்ணாச்சிக்கு வலியே இல்லையாம். வலி இல்லாதது நல்ல அறிகுறி என்று சொன்னேன்.

எதிர் மாடியில் இன்று ஒன்பது பேர் காத்திருந்தார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று எண்ணினேன். ஊசியைத்தான் எண்ண வரவில்லை, இது வருகிறது.

ஜூன் 22, சனி. பதினோராம் நாள்.

மீட்டர் 297 என்றது. மீட்டருக்கு வயதாகிவிட்டது. வெயிலில் வைத்தால் இப்படித்தான் காட்டும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வெயிலில் வைக்கவில்லை. ஆனாலும்.

படம் அனுப்பவில்லை. எண்ணை மட்டும் டைப் செய்து அனுப்பினேன். 134. மாசிலாமணி கேட்கவில்லை. மறுபடியும் கைகூப்பும் பொம்மை.

இந்த வாரம் முழுக்க அனுப்பிய எண்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

ஜூன் 24, திங்கள். பதின்மூன்றாம் நாள்.

சுண்டுவிரல் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து விரலும் கொஞ்சம். ரத்த ஓட்டத்தை இழுத்துவர விரலைச் சுற்றி ஐந்து ஊசி வைத்தேன். வழக்கமாக ஊசி இறங்கும்போது அண்ணாச்சி ‘ஸ்’ என்பார். அவர் ‘ஸ்’ சொல்வது எனக்குப் பிடிக்கும், வேலை நடப்பதற்கு அடையாளம் அது. இன்று ஐந்துக்கும் சத்தமே இல்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

“குத்தியாச்சாவே?” என்று கேட்டார்.

எடுக்கும்போது ஐந்தையும் எண்ணினேன். இரண்டு தடவை.

ஜூன் 25, செவ்வாய்

அறையில் ஒரு வாடை. சாம்பிராணி போட்டேன்.

ஜூன் 26, புதன். பதினைந்தாம் நாள்.

மத்தியானம் ஜெஸிந்தா வந்தாள். யார் சொல்லி வந்தாளோ. அவளுக்குப் பின்னால் கோமதி கேரியரோடு நின்றிருந்தாள், ஆனால் அது சாப்பாட்டு நேரம்தான்.

என்னைக் கேட்காமலே பின்னறைக்குள் போனாள். வாசலிலேயே ஒரு நொடி நின்று மூச்சை இழுத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து அண்ணாச்சியின் பாதத்தைக் கையில் எடுத்தாள். கையுறை போட்டிருந்தாள். பையில் எந்நேரமும் வைத்திருப்பாள்போல. ஒரு பேனாவின் மூடியால் அங்கங்கே தொட்டு, “தெரியுதா ஐயா? இங்க? இங்க?” என்று கேட்டாள். கணுக்கால் வரைக்கும் அண்ணாச்சி “இல்ல பாப்பா” என்றார்.

எழுந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அங்கிள், சுகர் எவ்வளவு?”

என்னை அங்கிள் என்று கூப்பிடும் உரிமையை இவளுக்கு யார் கொடுத்தது என்று தெரியவில்லை. ஐம்பத்து நாலு வயதில் இன்னும் மீசைக்கு மை போடுகிறவன் நான்.

“நூத்தி முப்பத்திரண்டு” என்றேன்.

“மீட்டரக் குடுங்க, நான் பாக்கேன்.”

“நீ யாரும்மா என் நோயாளிக்கு ரீடிங் எடுக்க? நிரூபணம் முடிய ஆறு நாள் இருக்கு. அதுக்குள்ள கலைக்கணும்னு வந்தியோ? ஆள் பிடிக்க வேற எடம் இல்லையா?”

அவள் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மெல்லிய குரலில் சொன்னாள்: “நீங்களே ஜெயிச்சதா வச்சுக்கோங்க அங்கிள். இன்னைக்கே என் போர்டக் கழட்டிடுறேன், எழுதிக்கூடத் தாரேன். இவங்கள இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னைக்குப் போனா விரலோட போயிரும். நாள் ஆக ஆக மேல ஏறும்.”

உள்ளேயிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. “பாப்பா, நீ போம்மா. எனக்கும் ஆவுடைக்கும் எட்டு வருசப் பழக்கம். ஆறு நாளுதான. நான் பாத்துக்கிடுதேன்.”

ஜெஸிந்தா படியிறங்கும்போது கோமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நான் கேட்கவில்லை. திரும்பி வந்து அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தேன். “பாத்தீயளா அண்ணாச்சி, எதிர்க்கடைக்காரி நம்மளப் பாத்து மெரண்டு போயிட்டா.”

அவரும் சிரித்தார். உதடு வறண்டு பல்லில் ஒட்டிக்கொண்டது.

ஜெயித்ததற்கான சந்தோஷம் எப்போது வரும் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன்.

ஜூன் 27, வியாழன். பதினாறாம் நாள்.

அண்ணாச்சிக்குக் காய்ச்சல். பேச்சு கொஞ்சம் குழறுகிறது. மூச்சில் அழுகின பழ வாசம். காலையில் என்னைப் பார்த்து, “படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க” என்றார். விசிலைத் தேடினார். எடுத்துக் கையில் கொடுத்தேன். வாயில் வைத்தார். ஊத மூச்சு இல்லை.

கொஞ்சம் தெளிந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார். பதினோரு வருடமாக எத்தனையோ பேருக்கு நாடி பார்த்திருக்கிறேன். என் நாடியை ஒருவர் பிடிப்பது இதுதான் முதல் தடவை.

“ஆவுடை, உம்மகிட்ட ஒண்ணு சொல்லணும்வே. ரொம்ப நாளா.”

“முடியட்டும் அண்ணாச்சி. இருவத்தொண்ணு முடியட்டும். உக்காந்து பேசுவோம்.”

“இல்லவே, நான் வந்து...”

“பேசாதீங்க. சக்தி வீணாகும்” என்று சொல்லி வாயில் தண்ணீர் ஊற்றினேன். அவர் என்ன சொல்ல வருகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும். எனக்குத் தெரியாது.

ஜூன் 28, வெள்ளி

கோமதி என்னைக் கேட்கவில்லை. காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அண்ணாச்சியின் மகள் சிவகாமி கடையநல்லூரிலிருந்து கிளம்பிவிட்டாள், அப்பா வீட்டுக்குப் போய்விட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறாள் என்றாள். ஸ்ட்ரெச்சரைக் கீழே இறக்க ஆள் போதாமல் ஜெஸிந்தா ஒரு பக்கம் பிடித்தாள். நான் தலைப்பக்கம்.

திருநெல்வேலியில் டூட்டி டாக்டர், சின்னப் பையன் மாதிரி இருந்தார். ரீடிங் பார்த்தார். 541. காலைப் பார்த்தார். “என்ன மாத்திரை எடுத்துட்டு இருந்தாரு?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்ல சார். எட்டு வருசமா ஒண்ணுமே இல்ல” என்றேன். பழக்கதோஷம், குரலில் கொஞ்சம் கம்பீரம்கூட வந்துவிட்டது.

“இல்ல டாக்டர்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிவகாமி, மூச்சிரைக்க வந்து நின்றாள். கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுப்பார்களே, அந்தச் சர்க்கரை நோட்டு. பக்கம் பக்கமாகச் சீல். மாதம் ஒன்று.

“காலைல ரெண்டு, ராத்திரி ஒண்ணு. அப்பா ஒரு நாள் விட மாட்டாங்க. சித்தப்பா வீட்டுல இருக்கேன்னு போன்ல சொன்னாங்க. மாத்திரைய எடுத்துட்டுப் போகலைன்னு இப்பத்தான் எனக்குத் தெரியும். நோட்ட எடுக்க வீட்டுக்குப் போனேன், பீரோவுல அப்படியே இருந்துச்சு.”

சித்தப்பா என்றது என்னைத்தான். திட்டியிருக்கலாம். சித்தப்பா என்று கூப்பிட்டதோடு நிறுத்திக்கொண்டாள்.

எட்டு வருடம். தொண்ணூற்றாறு சீல். என் ஊசிக்கு ஒரு சீல் இல்லை.

ஜூலை 1, திங்கள்

வலது காலை முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை விட்டு எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் எங்களுக்கு ஒரு புள்ளி உண்டு. களைப்புக்கு, செரிமானத்துக்கு, நீண்ட ஆயுளுக்கு என்று மூன்றுக்கும் அதைத்தான் குத்துவோம். அண்ணாச்சிக்கு அதில் எத்தனை முறை குத்தியிருப்பேன் என்று வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எண்ணூறு வந்தது. இனி அவருக்கு அது இடதில் மட்டும்.

ஜூலை 2, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தபோது மாசிலாமணி போன் செய்தார்.

“ஆவுடையப்பன், கடைசி அஞ்சு ரீடிங் வரலியே. இன்னைக்குத்தான கடைசி?”

சொல்லியிருக்க வேண்டும். எதிரே கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி படுத்திருந்தார். வாயைத் திறந்தேன். “அனுப்புறேன் ஐயா” என்று வந்தது.

131, 128, 130, 126, 129. விரல் தானாக அடித்தது. பழைய தொழில். ஏற்ற இறக்கம் இயற்கையாக இருக்க வேண்டும் என்றுகூட அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

தரச்சான்று வழங்கும் விழா. போகக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். போனேன்.

நோயாளிகளை நேரில் காட்ட வேண்டுமே என்று கடைசி நம்பிக்கை ஒன்று வைத்திருந்தேன். அங்கே மாட்டிக்கொள்ளலாம், எல்லாம் ஒரேயடியாக முடிந்துவிடும் என்று. மாசிலாமணி, “நேர்ல வரணும்னு கட்டாயம் இல்ல. பேப்பர் சுத்தமா இருந்தாப் போதும்” என்று சொல்லிவிட்டார். என் பேப்பர்தான் மாவட்டத்திலேயே சுத்தம் என்றார். இருபத்தொரு எண், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

முதல் தரம். சால்வை போட்டார்கள். சட்டம் போட்ட சான்றிதழ். கைக்குட்டையை அவிழ்த்து, சக்தி சேமித்து வைத்திருந்த அந்த விரலால் என் நெற்றியைத் தொட்டு ஆசீர்வதித்தார்.

நிரூபண நோயாளி காட்டாத காரணத்தால் ஜெஸிந்தாவின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது என்று வாசித்தார்கள். அவள் வரவில்லை. கை தட்டினார்கள். என் கையில் சான்றிதழ் இருந்ததால் என்னால் தட்ட முடியவில்லை. அதை எனக்கு நானே ஒரு நல்ல செயலாக எண்ணிக்கொண்டேன். அந்த அளவுக்கு இறங்கியாயிற்று.

ஜூலை 9, செவ்வாய்

வார்டுக்குப் போனேன். அண்ணாச்சி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போர்வை ஒரு பக்கம் மேடாகவும் ஒரு பக்கம் தட்டையாகவும் இருந்தது. தட்டையான பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“எடம் நெறைய இருக்கு, உக்காரும்வே.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

“ஏன் அண்ணாச்சி சொல்லல?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். கீழே ரோட்டில் ஒரு பஸ் பிரேக் போட்டது. யார் இறங்குகிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மொதல்ல ஒரு மாசம் நெசமாவே நிறுத்துனேன். தலை சுத்தி டெப்போவுல விழுந்துட்டேன். சிவகாமி ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா. மறுவாரம் உம்மகிட்ட சொல்லலாம்னு வந்தா, நீரு போட்டோவ மாட்டி, மாலை போட்டு, மிட்டாய் குடுத்துட்டு இருக்கீரு. எப்படிவே சொல்லுவேன்?”

“அப்ப எட்டு வருசம் எதுக்கு வந்தீங்க?”

“ஊசிய வச்சுட்டு நீரு பேசிக்கிட்டு இருப்பீருல்லா, ஊர்க்கதை. அதக் கேட்டுக்கிட்டே தூக்கம் வரும். ரிட்டையர் ஆனவனுக்கு வாரத்துல ரெண்டு நாளு போறதுக்கு ஒரு எடம் வேண்டாமா?” தலையணையைச் சரிசெய்துகொண்டார். “இந்தத் தடவையும் இருவத்தோரு நாளு தாங்கும்னு நெனச்சேன். உமக்குக் கடை நெலைக்கட்டும்னு. இம்புட்டு வேகமா வரும்னு எனக்குத் தெரியாதுவே. உமக்குத் தெரியும்லா. நீரு வைத்தியரு.”

திட்டவில்லை. சாதாரணமாகக் கேட்டார். டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்கிற குரல்.

“மீட்டரு என்ன காட்டுச்சு?” என்று பிறகு கேட்டார்.

நான் போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். நான் ஏதாவது ஊர்க்கதை சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சிவகாமி வந்து, “அப்பா தூங்கட்டும்” என்றாள். இந்த முறை சித்தப்பா இல்லை.

ஜூலை 10, புதன்

ஜெஸிந்தா போர்டைக் கழற்றவில்லை. நல்லது. இன்று பதினான்கு பேர். ராஜாமணி டீச்சரும் அங்கேதான் ஏறினார். என்னைப் பார்த்து, பார்க்காத மாதிரி கொண்டையைத் தடவிக்கொண்டார்.

அண்ணாச்சி போட்டோவைக் கழற்றினேன். சுவரில் சதுரமாக வெள்ளை விழுந்திருந்தது. சான்றிதழை அங்கே மாட்டினால் சரியாக மூடும். ஆணி அடிக்க எழுந்து, உட்கார்ந்துவிட்டேன். மாட்டலாமா என்று கோமதியிடம் கேட்டேன். இந்த வாரம் அவள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் வைக்கிறாள்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் முதுகுவலி. இன்னொருவர் புதியவர், சர்க்கரை. பட்டியலில் என் பெயரைப் பார்த்து வந்தாராம். “மாத்திரைய நிறுத்தலாமா சார்?” என்று கேட்டார். நிறுத்தாதீர்கள் என்று சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. “அடுத்த வாரம் வாங்க, நாடி பாத்துட்டுச் சொல்லுதேன்” என்று அனுப்பினேன்.

நாளைக்குச் செய்ய வேண்டியவை: பின்னறையைக் கழுவிவிட வேண்டும், வாடை இன்னும் இருக்கிறது. அண்ணாச்சியின் கிளியை யாரிடமாவது கொடுக்க வேண்டும். மின்சாரக் கட்டணம். பிறகு ராஜபாளையம் போக வேண்டும், என் சர்க்கரை மாத்திரை இன்று காலையோடு தீர்ந்தது. இங்கேயே வாங்கலாம். ஆனால் இங்கே மருந்துக்கடைக்காரர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். ஆறு வருடமாக அங்கேதான் வாங்குகிறேன்.